குருதி சுழல்கிறது, அறிவு சுழல்கிறதா?

திண்டுக்கல் நகரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டையை அறியாதார் நம் பகுதியில் இல்லை. அதன் படிகளில் சற்று விரைந்து ஏறிப் பாருங்கள். பாதி வழியிலேயே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், நெற்றியிலே வியர்வை அரும்பும். உழைப்பது கால்கள்; துடிப்பதோ நெஞ்சு! காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன உறவு? நெஞ்சுக்கும் காற்றுக்கும் என்ன ஒப்பந்தம்?

சிறுவனும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் இந்தச் சிறு கேள்விக்குச் சரியான விடை காண, கற்றோர் நிறைந்த ஐரோப்பா ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் காத்திருந்தது! விடை மறைந்திருந்ததா? இல்லை. ஒவ்வொரு மனிதனின் விலாவுக்குள்ளும் அது ஓயாமல் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கேட்க வேண்டிய செவியைத்தான் ஏடுகள் அடைத்திருந்தன.

அந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்பது இன்று நமக்குத் தேவை. குருதி சுழல்கிறது என்று கண்டதோடு கதை முடியவில்லை. அந்த அறிவு ஒரு காலத்தில் தமிழிலே சுழன்றது, பிறகு நின்றது. ஏன் சுழன்றது, ஏன் நின்றது என்பதை அறிந்தால்தான், இனிச் செய்ய வேண்டியது என்ன என்பது விளங்கும்.

ஏடு சொன்னதும் கண் கண்டதும்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழோடு விளங்கிய மருத்துவர் காலன். பேரறிஞர்தான், ஐயமில்லை. தமனிகளில் ஓடுவது காற்று என்று அவருக்கு முன்னிருந்தோர் சொல்ல, இல்லை, அங்கும் குருதியே ஓடுகிறது என்று ஆய்ந்து காட்டியவர் அவர். ஆனால் மனித உடலை அறுத்துப் பார்க்கும் உரிமை அன்று அவருக்கு இல்லை. குரங்கையும் பன்றியையும் எருதையும் அறுத்துப் பார்த்தார். கண்டது பாதி, கருதியது பாதியாக எழுதி வைத்தார். உண்ட உணவிலிருந்து ஈரல் குருதியைச் சமைக்கிறது. அது உடலெங்கும் சென்று, வாய்க்கால் நீர் வயலில் சுவறுவதுபோல் தசையிலே சுவறி மறைகிறது. இதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. வலப்புறக் குருதி அவற்றின் வழியே இடப்புறம் கசிகிறது. இவை அவர் கொள்கை.

துளையை அவரும் கண்டதில்லை. அவருக்குப்பின் வந்தவரும் கண்டதில்லை. ஆயினும் துளை இருந்தது! எங்கே? ஏட்டிலே! பெரியவர் சொன்னார், பின் மறுப்பேது என்று தலைமுறை தலைமுறையாகத் தலையாட்டினர். பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து காலனின் ஏட்டைப் படிப்பார். கீழே வேறொருவர் பிணத்தை அறுப்பார். ஏடு சொன்னதற்கு மாறாக உடலில் ஏதேனும் தென்பட்டால், பிழை உடலினது என்றே கொள்வர். ஏடு பிழைக்காதாம்!

இந்த மயக்கத்தை முதலில் உடைத்தவர் ஐரோப்பியர் அல்லர். டமாஸ்கஸ் நகரில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னு அல் நபீசு என்னும் அரபு மருத்துவர், 1242ஆம் ஆண்டளவில் தாம் எழுதிய உரை நூலில், நடுச்சுவரில் துளை இல்லை என்று துணிந்து உரைத்தார். வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இடப்புறம் வருகிறது என்றும் எழுதினார். எவ்வளவு தெளிவு! ஆனால் அந்த ஏடு ஊர் ஊராகச் செல்லவில்லை; வகுப்பறைகளில் ஒலிக்கவில்லை. 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தபோதுதான் உலகம் விழித்துப் பார்த்தது. ஏறத்தாழ 700 ஆண்டு உறக்கம்! கண்டறிந்தது போதாது தோழர்களே. கண்டறிந்தது நடமாட வேண்டும். நடமாடாத அறிவு, புதைத்த பொன்னைப்போல் உள்ளவருக்கும் உதவாது, ஊருக்கும் உதவாது.

ஐரோப்பாவில் 1543இல் வெசாலியஸ், தம் கையாலேயே மனித உடலை அறுத்து ஆய்ந்து எழுதிய பெருநூல் வெளிவந்தது. காலனின் பிழைகள் பல அம்பலமாயின. பத்தாண்டு கழித்து, 1553இல், மைக்கேல் செர்வீட்டஸ் என்பவர் நுரையீரல் வழிக் குருதியோட்டத்தைத் தம் சமய நூல் ஒன்றிலே எழுதினார். அதே ஆண்டு ஜெனீவா நகரில் அவரை உயிரோடு எரித்தனர். குருதியைப்பற்றி எழுதியதற்காக அல்ல. திரித்துவக் கொள்கையை மறுத்ததற்காக. எனினும் அந்தத் தீ, மனிதனோடு அவன் நூலையும் சேர்த்தே தின்றது. தப்பியவை மூன்றே படிகள்!

ஆர்வி போட்ட கணக்கு

இந்தப் பின்னணியிலே தோன்றினார் வில்லியம் ஆர்வி. 1578இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இரண்டு மன்னர்களுக்கு மருத்துவராக இருந்தவர். அவர் கையாண்ட படைக்கலம் வாளன்று, வசையுமன்று. வெறும் பெருக்கல் கணக்கு!

இதயம் ஒருமுறை துடிக்கையில் வெளியே தள்ளும் குருதி, மிகக் குறைத்து மதிப்பிட்டாலும், அரை அவுன்சு என்று வைத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு. அப்படியானால் 500 அவுன்சு. இன்றைய அளவையில் 14 கிலோவுக்கு மேல். ஓர் ஆளின் உடலில் உள்ள குருதி முழுவதையும் திரட்டினாலும் இவ்வளவு தேறாது. அரைமணிக்கு 14 கிலோ குருதியைச் சமைக்க எவ்வளவு உண்ண வேண்டும்? எந்தப் பெருந்தீனிக்காரனால் இயலும்? எனவே, புதிது புதிதாகக் குருதி பிறந்து மறைகிறது என்பது பொய். போன குருதியே திரும்பி வருகிறது; வந்ததே மீண்டும் போகிறது. அது சுழல்கிறது!

கணக்கோடு நிற்கவில்லை அவர். கையிலே கயிற்றை இறுகக் கட்டினார். கை குளிர்ந்தது, நாடி நின்றது. சற்றுத் தளர்த்தினார், தமனிகள் வழியே குருதி உள்ளே பாய்ந்தது, ஆனால் மேலோட்டமான சிரைகள் கட்டுண்டு கிடந்ததால் திரும்ப வழியின்றிப் புடைத்தன. சிரைகளில் உள்ள தடுக்கிதழ்கள் இதயத்தை நோக்கி மட்டுமே வழிவிடுகின்றன என்பதையும் விரலால் அழுத்தியே காட்டினார். பாடசாலை மாணவனும் தன் கையில் செய்து பார்க்கத்தக்க சோதனைகள்!

1628இல் நூல் வெளிவந்தது. வந்தது வாழ்த்தா? வசை! அவரை நாடிவந்த நோயாளிகள் குறைந்தனர். மூளை கலங்கியவர் என்று ஊர் பேசியது. ஆர்வி அஞ்சவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலேயரான ஆர்வி அந்த நூலை எழுதியது ஆங்கிலத்தில் அன்று; இலத்தீனில். அன்று கற்றோரின் மொழி அது. அவர் நாட்டு மக்களுக்கு அந்த நூல் ஆங்கிலத்தில் கிடைத்தது 1653இல்தான். 25 ஆண்டு கழித்து! அறிவியல் பேசத் தகுதி உண்டா என்ற ஐயம் ஒரு காலத்தில் ஆங்கிலத்தின்மீதும் இருந்தது என்பதை, இன்று தமிழை நோக்கி அதே கேள்வியைத் தொடுப்போர் நினைவிற் கொள்ளட்டும்.

ஆர்வியின் கணக்கிலே ஒரு கண்ணி மட்டும் விடுபட்டிருந்தது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எந்த வழியாகச் செல்கிறது? அந்த வழி உண்டு என்று அறிவு சொல்லிற்று, கண் காணவில்லை. 1661இல் இத்தாலியரான மால்பீகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். மயிரினும் மெல்லிய தந்துகிக் குழல்களைக் கண்டார். வட்டம் நிறைவுற்றது. காலனின் துளையும் கண்ணுக்குத் தெரியாதது. ஆர்வியின் வழியும் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் ஒன்று நம்பச் சொன்னது. மற்றொன்று தேடச் சொன்னது. பக்திக்கும் பகுத்தறிவுக்கும் இடையேயுள்ள தொலைவு அவ்வளவுதான்!

மூச்சு என்னும் தீ

குருதி ஏன் நுரையீரலுக்குச் செல்ல வேண்டும்? மூச்சு எதற்கு?

தமிழர் காற்றைக் கூர்ந்து கவனித்தவர்கள். உந்தியிலிருந்து எழும் வளி, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகப் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் முறையாக வகுத்துரைக்கிறது. நாடி பிடித்துப் பார்ப்பதிலே நம் சித்த மருத்துவர் காட்டிய கூர்மையும் சிறிதன்று. இவற்றை எண்ணிப் பெருமை கொள்ளலாம். ஆனால் ஆர்வி கண்டது எங்கள் ஓலையிலே முன்னரே இருந்தது என்று மார்தட்டுவது பெருமையாகாது. அதுவும் காலனின் துளையைப் போன்றதே. ஒலி பிறக்கும் வழியைக் கண்ட நம் முன்னோர், அந்த வளி உடலுக்குள் புரியும் வேதிவினையைக் காணவில்லை. உலகில் வேறெவரும் அன்று காணவில்லை.

கண்டது 18ஆம் நூற்றாண்டு. 1774இல் பிரீஸ்ட்லி, எரிதலை ஓங்கச் செய்யும் ஒரு வளியைப் பிரித்தெடுத்தார். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டார். பனிக்கட்டி சூழ்ந்த கலத்திலே ஒரு சிறு விலங்கை வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய பனியை அளந்தார். அது வெளிவிட்ட கரியமில வளியையும் அளந்தார். கரி எரிவதோடு ஒப்பிட்டார். மூச்சு விடுதலும் ஒருவகை எரிதலே என்ற முடிவுக்கு வந்தார். அடுப்பிலே விறகு எரிவது போல், உடலிலே உணவு எரிகிறது; ஆனால் சுடரின்றி, புகையின்றி, மெல்ல மெல்ல.

இப்போது மலைக்கோட்டைப் படிக்குத் திரும்புவோம். கால் தசைகள் உழைக்கின்றன. எரிபொருள் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். எரிந்தபின் கரியமில வளி மிகுகிறது. அந்த மிகுதியை உணர்ந்த மூளை, மூச்சை விரைவுபடுத்து என்று ஆணையிடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் கீழிறங்குகிறது, விலா எலும்புகள் உயர்கின்றன, நெஞ்சறை விரிகிறது, காற்று உள்ளே பாய்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, நான்காகி, நாற்பதாகி, முடிவிலே பல கோடி நுண்காற்றறைகளாகிறது. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு பெரிய வீட்டின் தளம் அளவுக்கு வரும்! ஒவ்வோர் அறையைச் சுற்றியும் தந்துகிகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. அங்கே நடக்கிறது பண்டமாற்று: காற்றிலிருந்து ஆக்சிஜன் குருதிக்கு, குருதியிலிருந்து கரியமில வளி காற்றுக்கு. உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். வெளியே வருவதில் ஏறத்தாழ 16.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள் அந்த ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. குருதி இதயத்தின் இடப்புற மேலறைக்கு வருகிறது, கீழறைக்கு இறங்குகிறது, பெருந்தமனி வழியே உடலெங்கும் செல்கிறது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எடுக்க வேண்டியதை எடுத்து, சிரைகள் வழியே வலப்புற மேலறைக்குத் திரும்புகிறது, வலப்புறக் கீழறை அதை மீண்டும் நுரையீரலுக்கு அனுப்புகிறது. ஓய்ந்திருக்கும்போது துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர். நாளொன்றுக்கு 7,000 லிட்டருக்கு மேல். கோடையிலே நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியை நிரப்பும் அளவு! கைப்பிடி அளவேயான ஒரு தசை இதைச் செய்கிறது; நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடித்துச் செய்கிறது.

இதிலே மேட்டுக்குடிக் குருதி எது, தாழ்ந்த குருதி எது? 1901இல் வியன்னா நகரின் லேண்ட்ஸ்டெய்னர் மனிதக் குருதியை வகைப்படுத்தினார். ஏ, பி, ஓ என்பன அந்த வகைகள். அடுத்த ஆண்டு ஏபி சேர்ந்தது. ஓராயிரம் சாதிகளை வகுத்த நாட்டிலும் இந்த நான்கு வகைக்கு மேல் அந்த வரிசையில் காணோம்! அக்கிரகாரத்திலும் ஓ வகை உண்டு. சேரியிலும் ஓ வகை உண்டு. அறுவைக் கட்டிலில் கிடப்பவனுக்குத் தன் சாதிக்காரனின் பொருந்தாக் குருதி நஞ்சு; தான் தொடமறுத்தவனின் பொருந்தும் குருதி உயிர்!

தமிழ் பேசிய மருத்துவம்

இவ்வளவையும் தமிழில் கற்பிக்க முடியுமா என்று கேட்கும் படித்த கனவான்கள் உளர். முடியுமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. நடந்து முடிந்த வரலாறு அது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரை அனுப்பியது அமெரிக்க மிஷன். அதன் நோக்கம் மதம் பரப்புதல். அதை மறைப்பதற்கில்லை, மறக்கவும் வேண்டா. ஆனால் மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அந்த இளைஞர், செய்த வேலையைப் பாருங்கள். தமிழ் கற்றார். 1852இல் கட்டரின் உடலியல் நூலை, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரில் தமிழில் வெளியிட்டார். உடலின் அமைப்பு, உடலின் இயக்கம், உடல்நலம் பேணல் ஆகிய மூன்றையும் சொல்லும் நூல் அது. இதயமும் நுரையீரலும் அச்சேறிய தமிழிலே பாடமாயின!

அதோடு நிற்கவில்லை. மகப்பேறு மருத்துவம் 1857இல். அறுவை மருத்துவம் பற்றிய இரண வைத்தியம் 1867இல். கிரேயின் உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872இல். கெமிஸ்தம் என்ற வேதியியல் நூல் 1875இல். டால்டனின் உடலியங்கியல், மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883இல். கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். 14 ஆண்டுகளில் அது தமிழ் பேசிற்று! ஆர்வியின் இலத்தீன் நூல் ஆங்கிலம் பேச 25 ஆண்டு ஆயிற்று என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

முதலில் கிறீன் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசு வேலையையும் அதிக ஊதியத்தையும் நாடிப் பிற ஊர்களுக்குப் போயினர். சிற்றூர்கள் மருத்துவரின்றிக் கிடந்தன. அதைக் கண்டு 1864இல் கல்வி மொழியைத் தமிழுக்கு மாற்றினார். நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவன் சிந்திக்க வேண்டும் என்ற துணிவு அது. அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றுத் தேறியவர்கள். மொழிபெயர்ப்பிலும் அந்தத் தமிழ் மாணவர்களே அவருக்குத் தோள் கொடுத்தனர். 1873இல் தாயகம் திரும்பியபின்னும் கிறீன் மொழிபெயர்ப்புப் பணியை விடவில்லை. 1884இல் மறைந்தார், தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பதே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்ட அடையாளம்.

அங்காதிபாதம், சுகரணவாதம் என்ற சொற்கள் இன்று நம் செவிக்குக் கரடுமுரடாக ஒலிக்கலாம். வடசொல் மிகுந்த நடை அன்றைய வழக்கு. இன்று உடற்கூறு, உடலியங்கியல், குருதி, தமனி, சிரை, நுண்குழல் என்று இயல்பாகப் பேசுகிறோம். சொல் மாறலாம், மேலும் நயம் பெறலாம். சொல் கிடைக்காதோ என்று கைகட்டி நில்லாமல், கிடைத்த சொல்லைக் கொண்டு கட்டத் தொடங்கிய துணிவே பாராட்டுக்குரியது.

அந்தச் சுழற்சி ஏன் நின்றது? தமிழுக்கு வலுவில்லாமல் அன்று. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது, பயிற்றுமொழி ஆங்கிலம். பதவியும் பட்டமும் ஊதியமும் ஆங்கிலத்தோடு பிணைக்கப்பட்டன. தமிழில் கற்றவனுக்கு நோயாளி கிடைத்தான்; உத்தியோகம் கிடைக்கவில்லை. பெற்றோரும் மாணவரும் உத்தியோகம் இருக்கும் பக்கம் நடந்தனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. இதயம் வலுவோடு துடித்தாலும், தமனியைக் கட்டிவிட்டால் கை குளிர்ந்துதானே போகும்? ஆர்வி கையிலே கட்டிய கயிறு சோதனைக் கயிறு, அவிழ்த்து விட்டார். தமிழின் கையிலே கட்டிய கயிறோ இன்னும் அவிழவில்லை!

நம் ஊரின் மூச்சு

யாழ்ப்பாணத்துக் கதை திண்டுக்கல்லுக்கு எதற்கு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து கடல் கடந்து வந்தவர்களே 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கினர். அதன் கிளை விரைவில் திண்டுக்கல்லிலும் ஊன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்ட் செஸ்டர் என்ற மருத்துவப் பாதிரியார் இங்கே நெடுங்காலம் மருந்தகம் நடத்தினார். ஆக, புதிய மருத்துவம் நம் ஊருக்கு வந்த வழியும் அதே வழிதான்.

அதனினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. திண்டுக்கல்லின் பிழைப்பே மூச்சோடு பின்னிக் கிடக்கிறது. ஊருக்குப் பெயர் தந்தவற்றுள் ஒன்று சுருட்டு. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்குரிய இருக்கையில் அது அமர்ந்துகொள்கிறது. ஊரைச் சுற்றிலும் நூற்பாலைகள்; அங்கே வேலை செய்வோரிலே இளம்பெண்கள் பலர். பஞ்சுத் தூசி ஆண்டுக்கணக்கில் மூச்சுக்குழலைச் சென்று சேர, ஓய்வு நாள் கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளிலே நெஞ்சு இறுகும். அதுவே அந்த நோயின் முதல் அறிவிப்பு. அறிந்தவள் முகத்தை மறைப்பாள், மருத்துவரை நாடுவாள், தூசியை உறிஞ்சும் பொறி எங்கே என்று கேட்பாள். அறியாதவள் கண்ணேறு பட்டது என்று கயிறு கட்டிக்கொள்வாள்.

தோல் பதனிடும் தொழிலும் நம் ஊரின் பழந்தொழில். தோல் கழிவு தேங்கிய தொட்டியிலும், சாக்கடைக் குழியிலும் அழுகல் வளி சேர்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்பது அதன் பெயர். முதலில் அழுகிய முட்டை போல் நாறும். செறிவு மிகும்போதோ நுகரும் ஆற்றலையே கொன்றுவிடும். நாற்றம் போயிற்று, இனி அச்சமில்லை என்று இறங்குபவன் சில மூச்சிலே விழுகிறான். ஆக்சிஜன் குருதியில் இருந்தும் அணுக்கள் அதைப் பயன்படுத்த இயலாமல் உடல் நின்றுபோகிறது. அவனைத் தூக்க இரண்டாமவன் குதிக்கிறான், அவனும் விழுகிறான். தம்பியைக் காக்க அண்ணன், அண்ணனைக் காக்க நண்பன் என்று ஒரே குழியில் மூவர் மாண்ட செய்திகளைத் தமிழ்நாட்டு நாளேடுகளில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! மனிதரைக் குழியில் இறக்கலாகாது என்று 2013இல் சட்டமே வந்தபின்னும் படித்திருக்கிறோம். இறக்கப்படுவோர் எந்தச் சாதியார் என்று கேட்கவும் வேண்டுமோ?

முதலாமவனைக் கொன்றது இறக்கியவனின் கொடுமை. இரண்டாமவனைக் கொன்றது அந்தக் கொடுமையோடு கைகோத்த அறியாமை. உள்ளே இருப்பது பேயன்று, விதியன்று, ஒரு வளி; ஒரு மூச்சு இழுத்தாலும் அது குருதியில் கலக்கும்; மூச்சுக்கருவி இல்லாமல் குதித்தால் பிணம் ஒன்று இரண்டாகும். இவ்வளவுதான் செய்தி. எவ்வளவு எளிய தமிழிலே சொல்லிவிடலாம்! யார் சொன்னார்கள்? எங்கே சொன்னார்கள்?

கட்டவிழ்க்கும் வேலை

2022 சனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. இரண்டும் வரவேற்கத் தக்கவை. நத்தத்திலும் வேடசந்தூரிலும் தமிழிலே படித்த உழவர் மகளும் ஆலைத் தொழிலாளியின் மகனும் அந்த வாயிலில் நுழைகின்றனர். நுழைந்ததும் என்ன காண்கின்றனர்? தமனி ஆர்ட்டரியாகிறது, சிரை வெயினாகிறது, பொருளைக் கற்பதற்கு முன் மொழியோடு போராட வேண்டியிருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் வகுப்பறையிலே நாள்தோறும் காணும் உண்மை இது: புரிந்த சொல் மாணவனின் நாவிலே நடமாடும்; புரியாத சொல் தேர்வுத்தாளோடு உதிர்ந்துவிடும்.

ஆங்கிலத்தைத் துரத்த வேண்டும் என்பதன்று என் வாதம். உலகோடு உரையாட அது வேண்டும், கற்கட்டும். ஆனால் அது கதவாக இருக்கட்டும், பூட்டாக வேண்டா. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்திலே மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டு விழா எடுத்தனர். அந்த விழாவைப் பார்த்தபோது, தமிழில் 1852இலேயே அச்சான நூல் நினைவுக்கு வந்திருக்க வேண்டியது நமக்கு. 170 ஆண்டு முன்னே தொடங்கிய வேலையை முடிக்காமல் விட்டு, பழம்பெருமை பேசி இருப்பது பயன் தருமா?

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. படிப்பகங்கள் நம்மிடம் உள்ளன, மன்றங்கள் உள்ளன, மாலைநேர வகுப்புகள் உள்ளன. இதயத்தின் படம் ஒன்றைச் சுவரிலே மாட்டுவோம். நாடி பார்க்கவும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணவும் கற்றுக் கொடுப்போம். கயிறு கட்டி ஆர்வியின் சோதனையைச் செய்து காட்டுவோம். ஆலை வாயிலிலே பஞ்சுத் தூசியைப்பற்றிப் பேசுவோம்; தோல் தொழிற்பேட்டையிலே அழுகல் வளியைப்பற்றிப் பேசுவோம். மருத்துவம் பயிலும் தோழர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, கற்றதைத் தமிழிலே ஒரு மணி நேரம் சொல்லச் செய்வோம். சொல்லும்போது அவர்களுக்கும் தெளியும், கேட்போர்க்கும் விளங்கும்.

இதயம் குருதியைத் தனக்கென்று தேக்கி வைத்துக்கொள்வதில்லை. தேக்கினால் உடல் மட்டுமன்று, இதயமும் சாகும். உச்சந்தலைக்கு அனுப்பும் அதே குருதியைத்தான் உள்ளங்காலுக்கும் அனுப்புகிறது. கற்றவர் கற்றதை அப்படி அனுப்பும் நாளிலே, குழியின் விளிம்பிலே நிற்கும் இரண்டாமவன் குதிக்க மாட்டான். முதலாமவனை இறக்கியவனின் கையைப் பிடித்து, எந்தச் சட்டப்படி இறக்கினாய் என்று கேட்பான்.